பெயரை வாங்குவதா, குரலை வாங்குவதா?

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பர். ஒலிபெருக்கிப் பெட்டி வாங்கப் புறப்படுவோருக்கோ ஆடையே முழுவதுமாய்த் தோன்றுவது இக்காலத்து இயல்பு. பளபளக்கும் முகப்பும், வண்ணவண்ணமாய் மின்னும் விளக்கும், நெற்றியிலே பொறித்த ஒரு பெரிய பெயரும் இருந்துவிட்டால், உள்ளே என்ன இருக்கின்றது என்று கேட்பார் இலர். அவ்வாறு கேளாதிருந்தவர்களுள் யாமும் ஒருவர் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம். கல்லூரியிலே பௌதிகவியல் கற்பிப்பவர் இங்ஙனம் ஏமாறலாமோ என்று வாசகர் நகைப்பாராயின், அந்நகைப்புக்கு யாம் உரியோமே.

எமது அன்னையார் நயினாதீவிலே வாழ்பவர். வயது எழுபத்தெட்டு. கண் மங்கிவிட்டமையால் புத்தகம் எட்டாப் பொருளாயிற்று. காதும் சற்று மந்தம். காலையில் திருமுறைப் பாடல், நண்பகலில் வானொலிச் செய்தி, மாலையில் ஒரு சொற்பொழிவு என்று ஒலியே அவருக்குத் துணை. இதனை அறிந்த எமது சகோதரி ரொறன்ரோவிலிருந்து பணம் அனுப்பி, “அம்மாவுக்கு நல்ல பேருள்ள பெட்டியாப் பாத்து வாங்கிக் குடுங்கோ அண்ணா” என்று சொன்னார். யாமும் பெயரைப் பார்த்தே வாங்கினோம். உலகறிந்த பெயர், ஆனால், அப்பெயருக்கு ஒவ்வாத மலிந்த விலை. அவ்விலையே எம்மை எச்சரித்திருத்தல் வேண்டும். மாறாக, அதுவே எம்மை மகிழ்வித்தது. குறிகட்டுவான் துறையில் பெட்டியை மடியில் ஏந்தியபடி படகேறியது இன்றும் நினைவில் உள்ளது.

முதல்நாளே அன்னையார் சொன்னார்: “தம்பி, சத்தம் நல்லாக் கேக்குது. சொல்லுத்தான் விளங்கேல்லை.”

இது முதுமையின் குறை என்று எண்ணி ஒலியைக் கூட்டினோம். சத்தம் பெருகிற்று, சொல் பின்னும் மறைந்தது. கார்த்திகை மழையோடு பெட்டியும் மௌனமாயிற்று. அதனை வேலணையிலுள்ள ஒரு திருத்துநரிடம் கொண்டுசென்றோம். நாற்பது ஆண்டுகளாக வானொலிகளைத் திருத்துபவர் அவர். பின்புறத்தைக் கழற்றி எம்மிடம் காட்டினார். ஒரு ரூபாய் நாணயத்தினும் சற்றே பெரிதான காந்தம். கனத்தைக் காட்டுவதற்காக மூலையிலே ஒட்டிய ஒரு சீமெந்துக் கட்டி! “மாஸ்ரர், நீங்கள் பேரைத்தான் வாங்கியிருக்கிறியள்; பெட்டியை வாங்கேல்லை” என்றார் அவர். அப்பெயருக்கு உரிய நிறுவனம் இதனைக் கண்ணாலும் கண்டிராது. போலி ஒன்றினை யாம் விலைகொடுத்து வாங்கியிருந்தோம்.

உள்ளங்கை அளவுப் பெட்டி

அன்னையாரின் செவி ஒருகாலத்தில் எத்தகையது என்பதை யாம் நன்கறிவோம். 1990ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாடு சில ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. மின்கலத்திற்கும் தடை. போரினால் தீவுகளை நீங்கிய பல குடும்பங்களைப் போன்று எமது குடும்பமும் அப்போது வலிகாமத்திலே ஒதுங்கியிருந்தது. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்திக் கையால் மிதியைச் சுழற்றி, டைனமோ தரும் சிறிய மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. தந்தையார் சுழற்றுவார்; சுற்றியிருப்போர் மூச்சடக்கி இருப்பர்; அன்னையார் உள்ளங்கை அளவான ஒலிபெருக்கியிலே காதை வைத்து பீ.பீ.சி. தமிழோசையைக் கேட்டு, ஒவ்வொரு சொல்லாக அயலவருக்குத் திருப்பிச் சொல்லுவார். எந்த ஊரில் என்ன நடந்தது என்பது அவர் வாய்ச்சொல்லாகவே எமக்குக் கிட்டிற்று. ஊரின் பெயரில் ஓரெழுத்துத் தவறினாலும் ஒரு குடும்பம் கலங்கிவிடும். அவர் தவறவிட்டதில்லை.

அச்சிறு கருவி சொல்லைத் தந்தது. எமது பெரும்பெட்டி தரவில்லை. ஏன் என்ற வினாவே எம்மை இவ்விடயத்தை ஆராயத் தூண்டிற்று.

நற்பெயர் பிறந்த விதம்

இன்று நம் இல்லங்களில் உள்ள ஒலிபெருக்கிகளுள் மிகப்பெரும்பாலானவை ஒரே தத்துவத்தில் இயங்குபவை. காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச்சுருள்; அதனோடு ஒட்டிய கூம்பு; சுருளில் மின்னோட்டம் மாற, கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளும். செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இருவர் இதனைச் செம்மையாக்கி அறிவித்த ஆண்டு 1925. கொழும்பிலே வானொலி ஒலிபரப்புத் தொடங்கியதும் அவ்வாண்டின் இறுதியிலேயே என்பது ஓர் இனிய ஒற்றுமை.

தத்துவம் ஒன்றாயினும் செய்நேர்த்தி ஒன்றன்று. நற்பெயர் என்பது அச்செய்நேர்த்தியைப் பலரறியச் சோதனைக்கு உட்படுத்தியவர்களுக்கே முதலில் கிடைத்தது. இங்கிலாந்தின் யோக்‌ஷயரில் 1932இல் வார்ப்டேல் நிறுவனத்தைத் தொடங்கியவர் கில்பேட் பிறிக்ஸ். அவர் 1954இல் இலண்டன் றோயல் பெஸ்டிவல் மண்டபத்திலே பெருங்கூட்டத்தைக் கூட்டினார். மேடையில் கலைஞர் நேரே வாசிப்பர். அடுத்து அவர்தம் ஒலிப்பதிவு அவரது பெட்டிகள் வழியே ஒலிக்கும். இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்புக்கூறுவது அவையோர் பொறுப்பு. அடுத்த ஆண்டு நியூயோர்க் கார்ணகி மண்டபத்திலும் இத்தகைய நிகழ்ச்சியை நடத்தினார். தம் பொருளை உண்மையான இசையின் அருகிலேயே நிறுத்திக்காட்டும் துணிவன்றோ நற்பெயருக்கு வித்து!

பீ.பீ.சி. பொறியியலாளரின் வழி இன்னும் எளியது. அவர்கள் தம் ஒலிபெருக்கிகளை ஆராய்கையில் மனிதப் பேச்சினையே முதன்மையான உரைகல்லாகக் கொண்டனர். அறிந்த ஒருவரின் பேச்சைப் பதிவுசெய்து, அவர் நேரே பேசுவதோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். ஏனெனில், மனிதக் குரலை நாம் பிறந்தநாள் முதலாகக் கேட்டு வருகின்றோம். அதில் சிறு பிழை நேரினும் செவி கண்டுகொள்ளும். 1970களில் வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளின் சிறிய அறைக்கென அவர்கள் வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ என்னும் சின்னஞ்சிறு பெட்டி இன்றளவும் போற்றப்படுகின்றது. அதற்குரிய கூம்புகளைச் செய்தது கெப் நிறுவனம். றோஜர்ஸ், ஸ்பென்டர், ஹார்பெத் எனப் பல பெயர்களில் அது விற்பனையாயிற்று. ஆனால், எப்பெயரில் வெளிவந்தாலும் வகுத்த அளவுகளுக்கு அது இணங்க வேண்டும் என்பதே நிபந்தனை. அங்கே பெயரின் பின்னால் ஒரு நியதி நின்றது.

பெயர்களும் கைமாறும்

பெயரை மட்டும் நம்புவதில் மற்றொரு சிக்கலும் உண்டு. காணி கைமாறுவது போலப் பெயரும் கைமாறும். வார்ப்டேல், குவாட் ஆகிய ஆங்கிலப் பெயர்கள் இன்று சீனத்து ஐ.ஏ.ஜி. குழுமத்தின் உடைமை. கெப் 1992 முதல் ஹொங்கொங்கின் கோல்ட் பீக் குழுமத்தைச் சார்ந்தது. ஜே.பீ.எல். பெயரை உடைய ஹார்மன் நிறுவனத்தை 2017இல் கொரியாவின் சாம்சுங் வாங்கியது. கைமாறியதனாலேயே தரம் குன்றிற்று என்பது பொருளன்று. இவற்றுட் பல இன்றும் நல்ல பொருள்களையே செய்கின்றன.

ஆனால், வேறொரு வகையும் உண்டு. மத்திய கிழக்கிற்குச் சென்று மீண்டோர் கொண்டுவந்த ஐவா, சன்சுயி முதலிய பெட்டிகளை நம் ஊரவர் மறந்திரார். ஐவா 2002இல் சோனிக்குள் முற்றாக அடங்கிப் பின்னர் வழக்கொழிந்தது; சன்சுயியைத் தோற்றுவித்த ஜப்பானிய நிறுவனம் 2014இல் முறிந்தது. ஆயினும், அவ்விரு பெயர்களும் வேறு கைகளிற் சென்று இன்றும் கடைகளில் உலவுகின்றன. “எங்கட அப்பா வைச்சிருந்த மார்க்” என்று சொல்லி வாங்குபவர், தந்தையார் வைத்திருந்த பெயரை வாங்குகின்றாரேயன்றிப் பொருளை வாங்குகின்றார் அல்லர்.

ஆதலின், “என்ன மார்க்?” என்று கேட்பதோடு நில்லாது, “இதனை இன்று செய்பவர் யார்? பழுதானால் உதிரிப்பாகம் தருபவர் யார்? உத்தரவாதச் சீட்டிலே முத்திரையிட்டு ஒப்பமிடுபவர் யார்?” என்னும் மூன்று வினாக்களையும் கேட்டல் வேண்டும். இலங்கைக்குரிய முகவர் இன்னார் என்பதை அந்நிறுவனத்தாரிடமே உசாவி அறியலாம். பெட்டியிலுள்ள தொடரிலக்கத்தை நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். விலைச்சிட்டை தர மறுக்கும் கடையிலே விலை எவ்வளவு மலிந்தாலும் வாங்கற்க.

வாற்றுக் கணக்கு என்னும் மாயம்

போலிகளின் மேலுறையில் “1000 வாற்று”, “5000 வாற்று” என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அருகிலே பீ.எம்.பீ.ஓ. என்னும் நான்கெழுத்துச் சிறிதாய் ஒளிந்திருக்கும். கண நேர உச்ச ஆற்றல் என்று சொல்லப்படும் இதற்கு எல்லோரும் ஏற்ற அளவுமுறை எதுவும் இல்லை. விற்போர் விரும்பியதையே எழுதலாம். இதனை உடைக்க எம் மாணவர்க்குக் கற்பிக்கும் ஒரு பெருக்கற்கணக்கே போதும். பெட்டியோடு வரும் அடப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ற்று, 2 அம்பியர் என்றிருந்தால் அது தரவல்லது 24 வாற்று மாத்திரமே. இருபத்துநான்கு படி தண்ணீர் கொள்ளும் குடத்திலிருந்து ஆயிரம் படி வார்ப்பது எங்ஙனம்? தொடர்ந்து தரும் ஆற்றலாகிய ஆர்.எம்.எஸ். வாற்றினையே கேட்டறிதல் வேண்டும்.

வாற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு, அது உணர்திறன். ஒரு வாற்று ஊட்டினால் ஒரு மீற்றர் தொலைவில் எத்தனை டெசிபெல் ஒலி எழும் என்பதே அது. 84 டெசிபெல் பெட்டி ஒன்று 90 டெசிபெல் பெட்டிக்கு ஈடாக ஒலிக்க வேண்டுமாயின் நான்கு மடங்கு ஆற்றலை விழுங்கும். வீட்டுக்குரிய சாதாரணக் கூம்பு, தான் பெறும் மின்னாற்றலில் நூற்றில் ஒரு பங்களவோ அதனினும் குறைவாகவோதான் ஒலியாக மாற்றுகின்றது, எஞ்சியது வெப்பம். ஆனி மாத மகோற்சவக் காலத்திலே நயினை அம்மன் கோவிலிலிருந்து எழும் ஒலி, காற்று வாகாக வீசுகையில் கடல்கடந்தும் செவியில் விழுவது ஏனெனில், குழாய் ஒலிபெருக்கியின் உணர்திறன் மிக அதிகம். கோவில் வீதிக்கு அது தகும். படுத்திருக்கும் முதியவரின் அறைக்குத் தகாது.

கடல்சூழ் ஊரில் கவனிக்க வேண்டியவை

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை பெருநிலத்து மின்கம்பித் தொடரோடு இணையாது டீசல் இயந்திரங்களை நம்பி வந்தவை. சூரியவொளியும் காற்றும் மின்கலமும் சேர்ந்த மின்திட்டத்திற்கு இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. எவ்வாறாயினும், குறைந்த மின்னில் நன்கொலிக்கும் உணர்திறன்மிக்க பெட்டியே தீவுக்கு உகந்தது.

போலி அகப்பட்ட செய்தியைக் கேட்ட எமது சகோதரி, தம் வீட்டுப் பெட்டியையே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். கனடாவின் மின்னழுத்தம் 120 வோல்ற்று, நம்முடையது 230. அங்கிருந்து வரும் கருவியின் முதுகில் “100–240 வோல்ற்று” என்றிருப்பின் அச்சமில்லை. “120 வோல்ற்று” என்று மட்டும் இருந்தால், மின்மாற்றி இன்றி இங்கே செருகிய மறுகணமே புகைதான் மிஞ்சும். வெளிநாட்டு உறவினரின் அன்பு இவ்வாறு புகையாய்ப் போன வீடுகள் தீவுகளிலே ஒன்றிரண்டல்ல.

உப்புக்காற்று அடுத்த பகை. சோளகம் வீசும் மாதங்களில் யன்னற் கம்பியைத் தின்னும் அதே உப்பு, பெட்டியின் இரும்புச் சட்டத்தையும் இணைப்பு முனைகளையும் தின்னும். கூம்பின் விளிம்பினைக் கையால் மெல்லத் தொட்டறியுங்கள். பஞ்சு போன்ற நுரைவிளிம்பு ஈரவெப்பத்தில் சில ஆண்டுகளில் உதிர்ந்து போகும். இறப்பர் விளிம்பு நெடுங்காலம் நிற்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஈரத்தில் ஊதிப் பிளக்கும். ஆகையால் எல்லா முகங்களும் நன்கு மூடப்பட்டிருத்தல் அவசியம். தரையிலே வைக்காது கால்களின்மேல் உயர்த்தி வைப்பின் கறையானுக்கும் தப்பலாம்.

இளைஞர் விரும்பும் சிறிய புளூரூத் பெட்டிகளில் ஐ.பீ. 67 என்னும் குறியைக் காணலாம். தூசி புகாது, ஒரு மீற்றர் நீரில் அரைமணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். ஆனால், அச்சோதனை நன்னீரில் நடத்தப்படுவது. வள்ளத்தில் கொண்டுசெல்வோர் கரைசேர்ந்ததும் நன்னீரால் துடைத்து, உலர்ந்தபின்னரே மின்னேற்றுதல் நன்று.

செவியே துலாக்கோல்

இவை யாவும் அறிந்தபின்னும் இறுதித் தீர்ப்புச் செவிக்கே உரியது. கடைக்காரர் தாமே தெரிந்து போடும் பாடலைக் கேட்டு மயங்கற்க. அது அப்பெட்டியின் குறையை மறைப்பதற்கென்றே தெரிந்தெடுத்ததாகவும் இருக்கலாம். நீங்கள் நன்கறிந்த மூன்று ஒலிப்பதிவுகளைக் கொண்டுசெல்லுங்கள்.

முதலாவது பேச்சு. ஒலியைத் தாழ்த்தி வைத்துக் கேளுங்கள். “பசி” எது, “பதி” எது என்று மயக்கமின்றி விளங்க வேண்டும். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவன உயர்ந்த அதிர்வுகள். முதுமையில் செவி முதலில் இழப்பனவும் அவையே. தாழ்ந்த முழக்கத்தை மிகைப்படுத்தும் பெட்டி, எஞ்சியிருக்கும் மெய்யோசையையும் மூடி மறைத்துவிடும். எமது அன்னையார் “சத்தம் கேக்குது, சொல்லு விளங்கேல்லை” என்றது முதுமையின் புலம்பலன்று. அப்பெட்டியைப் பற்றிய திருத்தமான பௌதிக விமரிசனம். அதனை உணர எமக்குத்தான் காலம் பிடித்தது.

இரண்டாவது தவில். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் வாசிப்புக் கிடைப்பின் மிக நன்று. தொப்பியின் தாழ்ந்த முழக்கமும் வலந்தலையின் கூரிய சொல்லும் ஒன்றையொன்று விழுங்காது தனித்தனியே நிற்க வேண்டும். மூன்றாவது நாதஸ்வரம். அளவெட்டி பத்மநாதனின் மேற்தாயி சஞ்சாரம் காதைக் குத்துமாயின் பிழை வித்துவானிடத்தில் இல்லை.

இரு பெட்டிகளை ஒப்பிடுகையில் இரண்டும் ஒரே அளவில் ஒலிக்கின்றனவா என்று உறுதிசெய்க. சற்றே உரத்து ஒலிப்பது சிறந்ததாய்த் தோன்றுவது செவியின் இயல்பான மயக்கம். வீட்டிற்கு வந்தபின், சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் கொண்ட விறாந்தையில் ஒலி எதிரொலித்துக் குழம்பும். ஒரு பாயும் திரைச்சீலையும் அதனைக் குறைக்கும். மூலையிலே தள்ளி வைத்தால் முழக்கம் மிகும். சுவரிலிருந்து சற்று விலக்கிக் கேட்பவரின் காது மட்டத்திற்கு உயர்த்தி வையுங்கள். காசு செலவில்லாத மருந்து இது.

முடிவில் வாங்கியது

எமக்கு வழிகாட்டியவர் அந்தத் திருத்துநரே. வெளிநாடு சென்றோர் பூட்டிவைத்த வீடுகள் புங்குடுதீவிலே பலவுண்டு. அவற்றுள் ஒன்றின் உரிமையாளர் விற்க விரும்பிய பழைய மரப்பெட்டிச் சோடி ஒன்றை அவர் கண்டறிந்தார். நுரைவிளிம்புகள் உதிர்ந்திருந்தன, காந்தமும் சுருளும் பழுதற்றிருந்தன. இறப்பர் விளிம்பு பொருத்தி, இணைப்பு முனைகளை மாற்றி, சிறியதோர் அம்பிளிபயரோடு கையளித்தார். மொத்தச் செலவு போலிப் பெட்டிக்குக் கொடுத்ததிலும் சிறிது குறைவே. புதிதாய் வாங்குவோர் உண்மையான முகவரிடம் எளிய சோடி ஒன்றை வாங்கினாலும் இப்பயன் கிட்டும். எந்த மார்க் என்று வாசகர் வினவக்கூடும். அதனைச் சொன்னால் அப்பெயரையே தேடிச்செல்வர் என்றஞ்சிச் சொல்லாது விடுகின்றோம். கடலுக்கு இப்பாலேயே திருத்துவதற்கு ஓர் ஆள் இருக்கின்றார் என்பதே தீவிலே வாழ்வோர்க்கு முதற்பெரும் நற்பெயர் என்பது எம் துணிபு.

அடுத்த ஞாயிறு யாம் நயினாதீவுக்குச் சென்றபோது அன்னையார் திண்ணையில் முகம் சுளித்தபடி அமர்ந்திருந்தார். இதுவும் கேளாப் பெட்டியோ என்று மனம் துணுக்குற்றது. அவர் சொன்னார்:

“தம்பி, செய்தி வாசிக்கிற பிள்ளைக்கு ழகரம் வருகுதில்லை. ஆரும் சொல்லிக் குடுக்கேல்லைப் போல.”

எந்த நிறுவனத்தின் உத்தரவாதச் சீட்டும் எமக்கு அவ்வளவு மகிழ்ச்சியைத் தந்திராது. அன்று மாலையே சகோதரிக்கு அச்செய்தியைச் சொன்னோம். அவர் நெடுநேரம் சிரித்தார். பின்னர் சிறிது நேரம் பேசவில்லை.